ஈரல் பழுதான நாய்க்குச் சீனி இறங்கும்போது

விடியற்காலை நாலரை மணியிருக்கும். ஜிம்மி எழும்பப் பார்த்து விழுந்தான். பின்னங்கால்கள் இரண்டும் சறுக்கின. உக்குவளையில் மார்கழிக் குளிர் கொஞ்சம் கடுமைதான். குளிருக்கு நடுங்குகிறான் என்று நினைத்து சாக்கை இழுத்துப் போர்த்திவிட்டுப் படுத்தேன். பத்து நிமிடத்தில் வலிப்பு வந்தது. வாயில் நுரை, கால்கள் நாலும் காற்றில் அடித்தன. சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அண்ணன் கையில் தடி வைத்திருந்தார். "விசர் பிடிச்சிட்டுது, தங்கச்சி தள்ளி நில்லுங்க" என்றார்.

அவரில் நான் பிழை சொல்ல மாட்டேன். நுரை தள்ளி விழுந்து அடிக்கிற நாயைக் கண்டால் இந்த நாட்டில் முதலில் வரவேண்டிய எண்ணம் அதுதான். ஜிம்மியின் விசர்நாய்த் தடுப்பூசி அட்டை அலமாரியில் இருந்ததால் அன்று அவன் தப்பினான். அட்டையை எடுத்துக் காட்டியதும் அண்ணன் தடியைக் கீழே வைத்தார். தடுப்பூசி போடாத நாய்க்கும், தெருவில் எதனிடமாவது கடிபட்ட நாய்க்கும் வலிப்பு வந்தால், கீழே நான் சொல்லப்போகும் எதையும் வெறுங்கையால் செய்யாதீர்கள். அதன் வாய்ப்பக்கம் கை போகக்கூடாது. மிருக வைத்தியருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவிப்பதே வேலை.

வந்தது என்னவென்று கண்டுபிடித்தவர் அம்மா. அவருக்கு இருபது வருடமாக நீரிழிவு. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடப் பிந்தினால் அவருக்கும் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறும். வலிப்பு ஒரு நிமிடத்தில் நின்றதும் கட்டிலில் இருந்தபடியே சொன்னார்: "இது சீனி இறங்கினது மாதிரிக் கிடக்கு. பாணியை எடுத்து முரசில தேய் பிள்ளை." கித்துள் பாணிதான் வீட்டில் இருந்தது. விரலில் தொட்டு, உதட்டைத் தூக்கி முரசில் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்கினான். அதன் பிறகு அம்மாவின் சீனி பார்க்கும் கருவியால், காது ஓரத்தில் குத்தி ஒரு துளி எடுத்துப் பார்த்தோம். பாணி உள்ளே போன பிறகும் 52 காட்டியது.

மாத்தளையில் பார்த்த மிருக வைத்தியர் கண் வெள்ளையைப் பார்த்தவுடனேயே ஈரலைச் சந்தேகித்தார். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய போதனா வைத்தியசாலையில் இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்தார்கள். ஈரல் நாட்பட்ட அழற்சியால் சுருங்கியிருந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு அவன் சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தபோது, ஒரு மருந்துக்கடையில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பரசிற்றமோல் பாணியை எழுதித் தந்தார்கள், நானும் மூன்று நாள் கொடுத்தேன். அதுதான் காரணம் என்று வைத்தியர் சொல்லவில்லை. ஆனால் ஈரல் நோயுள்ள நாய்க்கு வைத்தியர் சொல்லாமல் அதை வாயிலும் வைக்கக்கூடாது என்று சொன்னார்.

ஈரலுக்கும் சீனிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு நான் இரணைமடுவைச் சொல்லித்தான் விளக்குவேன். எங்கள் வீட்டார் 1977 கலவரத்துக்குப் பிறகு மாத்தளைத் தோட்டமொன்றை விட்டு வன்னிக்குப் போனவர்கள். நான் தருமபுரத்தில் வளர்ந்தவள். மழை வருடம் முழுக்கப் பெய்வதில்லை. குளம் நீரைப் பிடித்து வைத்து, துருசு வழியாக வாய்க்காலுக்கு அளந்து விடுகிறது. உணவு மழை, ஈரல் குளம், இரத்தம் வாய்க்கால். சாப்பிட்டவுடன் வரும் குளுக்கோஸை ஈரல் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து, இரண்டு சாப்பாட்டுக்கு இடையில் திருப்பி விடுகிறது. சேமிப்பு முடிந்தால் புரதத்திலிருந்தும் கொழுப்பின் ஒரு பகுதியிலிருந்தும் புதிதாகச் செய்தும் கொடுக்கிறது. அணை உடைந்த குளத்தில் எவ்வளவு மழை பெய்தும் பயனில்லை. பெய்த அன்று வெள்ளம், அடுத்த நாள் வரட்சி.

ஈரலுக்குப் பெரிய கையிருப்பு உண்டு. அது ஏறத்தாழ 70 வீதத்துக்கு மேல் வேலை இழந்த பிறகுதான் பொதுவாகச் சீனி இறங்கத் தொடங்கும். ஆகவே ஈரல் நோயால் சீனி இறங்குகிறது என்றால் நோய் முற்றியிருக்கிறது என்று பொருள். பிறவியிலேயே இரத்தம் ஈரலைச் சுற்றி வேறு குழாயால் போய்விடும் குட்டிகள் இதற்கு விலக்கு. அவற்றில் சிலவற்றைச் சத்திரசிகிச்சையால் காப்பாற்றலாம்.

நாய்க்கு வெறும்வயிற்றில் டெசிலீற்றருக்கு 80 முதல் 120 மில்லிகிராம் வரை இருப்பது சாதாரணம். 60க்குக் கீழே போனால் குறைவு. 50க்குக் கீழே போகும்போது பெரும்பாலும் அறிகுறி தெரியும்: சோர்வு, தள்ளாட்டம், நடுக்கம், கூப்பிட்டால் விளங்காத பார்வை, பிறகு வலிப்பு, மயக்கம். மெல்ல மெல்ல இறங்கிப் பழகிய நாய் 45இலும் வாலாட்டிக்கொண்டு நிற்கும். எண்ணையும் பாருங்கள், நாயையும் பாருங்கள்.

மனிதருக்கான கருவி நாயின் இரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் கொஞ்சம் குறைத்தே காட்டும். இரத்தச்சோகை உள்ள நாயில் மாறாகக் கூட்டிக் காட்டும். ஆகவே ஒரு தனி எண்ணை வைத்துப் பயப்படவும் வேண்டாம், ஆறுதல் அடையவும் வேண்டாம். ஒரே கருவியால், ஒரே நேரங்களில் எடுத்துக் கொப்பியில் எழுதுங்கள். வைத்தியர் முதலில் கேட்டதே அந்தக் கொப்பியைத்தான்.

சீனி இறங்கிய நாய் நினைவோடு, விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் வேலை எளிது. தேன், கித்துள் பாணி, சீனிக் கரைசல், குளுக்கோஸ் மா, எது கைக்கு எட்டுகிறதோ அது. பத்துக் கிலோ நாய்க்கு ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, சிறிது சிறிதாக நக்கவிடுங்கள். நினைவு தெளிந்தவுடன் சோறும் முட்டையும் போல ஒரு சிறு சாப்பாடு கட்டாயம். வெறும் சீனி மட்டும் கொடுத்தால் இரத்தத்தில் சட்டென ஏறும், அதை அடக்க இன்சுலின் சுரக்கும், மறுபடி இறங்கும். முதல் நாள் நான் செய்த பிழை அதுதான். பாணியைக் கொடுத்துவிட்டு முச்சக்கரவண்டி பிடிக்க ஓடினேன். மாத்தளை போய்ச் சேருமுன் மறுபடி தலை சாய்ந்தது. இருபது நிமிடத்துக்குப் பிறகு மீண்டும் அளந்து பாருங்கள்.

மயங்கிய நாயின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. அது நுரையீரலுக்குப் போகும். வலிப்பு ஓடும்போது பல்லுக்கிடையில் விரலும் கரண்டியும் வேண்டாம். ஓய்ந்த இடைவெளியில் உதட்டின் வெளிப்பக்கமாக முரசில் மட்டும் மெல்லிதாகத் தேயுங்கள். முரசு வழியாக இரத்தத்தில் சேருவது சிறிதளவுதான் என்பதையும் நினைவில் வையுங்கள். அது வழிச்செலவுக்குப் போல. வைத்தியரிடம் போகவே வேண்டும். அங்கே டெக்ஸ்ட்ரோஸை ஐதாக்கி நாளத்தில் மெதுவாக ஏற்றி, பிறகு சேலைனோடு தொடர்ந்து விடுவார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடும் வலிப்பு எந்தக் காரணத்தால் வந்தாலும் அவசரமே.

இன்னொரு குழப்பம் உண்டு, இதில் நானே பலமுறை ஏமாந்தேன். ஈரல் வடிகட்டாமல் விட்ட அமோனியா போன்ற நஞ்சுகள் மூளைக்கு ஏறினாலும் நாய் தள்ளாடும், வட்டமடிக்கும், சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நிற்கும், எச்சில் ஒழுகும். சீனி இறங்குவது பெரும்பாலும் வெறும்வயிற்றில், விடியப்புறத்தில். நஞ்சேறுவது பெரும்பாலும் இறைச்சி போட்ட பெரிய சாப்பாட்டுக்குப் பிறகு. இது முழு விதியல்ல, இரண்டும் சேர்ந்தும் வரலாம். சந்தேகமென்றால் முதலில் அளவுங்கள். கருவி இல்லையென்றால் கொஞ்சம் பாணி கொடுப்பதால் கெடுதி குறைவு, கொடுக்காமல் விடுவதில்தான் ஆபத்து. நஞ்சேறுவதற்கு லக்ரியூலோஸ் என்ற பாணி மருந்தை வைத்தியர் தருவார்; மலம் இளகும் அளவுக்கு அளவைக் கூட்டிக் குறைக்கவேண்டும்.

சாப்பாட்டில்தான் உண்மையான வைத்தியம் இருந்தது. இரண்டு வேளையாகக் கொடுத்ததை ஆறாகப் பிரித்தேன். குழையச் சமைத்த சோறு, அவித்த முட்டை, தயிர், கொஞ்சம் கோழி, பூசணிக்காய். இரவு பத்தரைக்கு ஒன்று, விடிய நாலு மணிக்கு ஒன்று. அந்த நாலு மணிச் சாப்பாடு தொடங்கிய பிறகு விடியற்கால வலிப்பு நின்றது. "ஈரல் நோய்க்குப் புரதம் கூடாது" என்று ஊரில் சொல்வார்கள். நஞ்சேறும் அறிகுறி இல்லாத நாய்க்குப் புரதத்தை வெட்டினால் தசை கரையும், நாய் இன்னும் மெலியும். முட்டையும் தயிரும் இறைச்சியைவிட எளிதாகத் தாங்கும். ஈரல் நோய்க்கு ஆட்டீரல், மாட்டீரல் நல்லதென்பதும் பிழை. ஈரலில் செம்பு அதிகம், பழுதான ஈரலில் செம்பு தேங்கும். வயிற்றில் நீர் கட்டினால் உப்பைக் குறைக்கவேண்டும். எங்கள் வீட்டில் கருவாட்டுத் தலையை நிறுத்தியதுதான் ஜிம்மிக்குப் பெரிய துக்கம்.

சீனியில்லாத சுயிங்கம், சில பற்பசைகள், சில கடலை வெண்ணெய்களில் சைலிட்டோல் என்ற இனிப்பு இருக்கும். மனிதருக்கு அது பாதகமில்லை. நாயில் அது இன்சுலினைக் கொட்டவைத்துச் சீனியை வீழ்த்தும். அளவு கூடினால் நல்ல ஈரலையே அழிக்கும். நீரிழிவுக்காரர் உள்ள வீட்டில் இந்தச் சாமான்கள் மேல்தட்டில் இருக்கவேண்டும், இன்சுலின் ஊசியும் அப்படியே. பூஞ்சணம் பிடித்த சோளம், கடலை, பழைய தீவனம் இன்னொன்று. அவற்றில் வளரும் அஃப்ளாரொக்சின் ஈரலைக் கொல்லும். 2005 இறுதியில் அமெரிக்காவில் இது கலந்த தீவனத்தால் ஏராளமான நாய்கள் செத்தன. மனிதர் சாப்பிட முடியாதென்று கழித்ததை நாய்க்குப் போடுவது நம் வழக்கம். மழை நாட்களில் சாக்கில் ஈரம் பட்ட தானியத்தை எறிந்துவிடுங்கள். எலிக்காய்ச்சலும் நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். 2008இல் நாட்டில் எலிக்காய்ச்சல் பெருகியபோது மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. வயலுக்குள் திரியும் நாய்க்கு அதற்கும் தடுப்பூசி உண்டு. நோய்பட்ட நாயின் சிறுநீரைக் கையுறையோடு கழுவுங்கள். அது நமக்கும் தொற்றும்.

ஒரு நாய்க்கு இவ்வளவா என்று கேட்டவர்கள் உண்டு. 2009 தையில் தருமபுரத்திலிருந்து வெளிக்கிடும்போது எங்கள் வீரனின் சங்கிலியை அவிழ்த்துவிட்டு வந்தோம். கொஞ்சத் தூரம் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் ஓடி வந்தான். அதற்குப் பிறகு முகாமிலும் சரி, இங்கே வந்தும் சரி, அம்மா நாய் வளர்க்க விடவில்லை. ஜிம்மி 2015இல் தானாக வந்து வாசலில் படுத்தவன். நாலு மணிச் சாப்பாட்டுக்கு அலாரம் வைக்கச் சொன்னதே அம்மாதான். சில நாட்களில் எனக்கு முன்பே எழும்பி, அவனுக்குப் பேர் மாறி "வீரா" என்று கூப்பிட்டு, தட்டை வைத்துவிட்டு இருப்பார்.

ஜிம்மி அந்த வலிப்புக்குப் பிறகு பதினொரு மாதம் இருந்தான். கடைசி இரண்டு வாரம் சாப்பிட மறுத்தான். பாணி கொடுத்தாலும் ஒரு மணித்தியாலத்தில் 40க்கு இறங்கியது. வயிற்றில் நீர் கட்டியது. ஊசி போட்டு வேதனையில்லாமல் அனுப்புவதைப் பற்றி வைத்தியர் பேசியது அப்போதுதான். அதை முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தால் கடைசி நாள் அவ்வளவு அந்தரப்பட்டிருக்க மாட்டோம். கொய்யா மரத்தடியில் புதைத்தோம். குழி வெட்டியவர் பக்கத்து வீட்டு அண்ணன்.