எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும் உறுப்பு

கைத்துப்பாக்கியைப் பேணுவோர், நாளடைவில் தளரும் சுருள்வில்லுக்கும் ஒடியக்கூடிய சுடும் ஊசிக்கும் மாற்றாக இரண்டொன்றை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது இன்று சர்வசாதாரணமான வழக்கம். ஆயினும், எங்கோ செய்யப்பட்ட ஓர் உறுப்பு இங்குள்ள ஆயுதத்தில் பிசகின்றிப் பொருந்தும் என்னும் நம்பிக்கை மனிதனுக்கு வாய்ப்பதற்குள் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பிரயாசை கழிந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஒவ்வொரு துப்பாக்கியும் ஒரு கம்மியனின் கைவேலையாகவே இருந்தது. அவன் அரத்தால் ராவி ராவி ஒன்றோடொன்று இசைவித்த உறுப்புகள் அந்த ஒன்றுக்கு மட்டுமே உரியவை. ஆதலால் போர்முனையில் ஒரு வில் ஒடிந்தால், புதியதொன்றை அடித்து, ராவி, பதமேற்றித் தருவதற்கு ஒருவன் கிடைக்கும்வரை அவ்வாயுதம் வீரனுக்கு வெறும் சுமையே.

இக்குறையை நீக்க முயன்றவர்களுள் முதன்மையானவர் பிரான்சு நாட்டின் ஒனோரே பிளாங். 1785ஆம் ஆண்டில், அங்கே அமெரிக்கத் தூதராயிருந்த தாமஸ் ஜெபர்சன், பிளாங்கின் பட்டறையில் 50 சுடும் பொறிகளின் உறுப்புகள் பிரித்து வைக்கப்பட்டிருக்கக் கண்டு, கைக்கு அகப்பட்டவற்றைத் தாமே எடுத்துச் சில பொறிகளைப் பூட்டிப் பார்த்தார். யாவும் செம்மையாகப் பொருந்தின. அவ்வியப்பை அவர் உடனே தம் நாட்டுக்கு எழுதி அனுப்பினார். 1813இல் கனெக்டிகட்டைச் சேர்ந்த சிமியன் நார்த்துடன் அமெரிக்க அரசாங்கம் 20,000 கைத்துப்பாக்கிகளுக்குச் செய்துகொண்ட ஒப்பந்தம், அவற்றுள் எதன் உறுப்பும் வேறெதற்கும் பொருந்த வேண்டும் என்று வெளிப்படையாகவே விதித்தது.

நிபந்தனை எழுதிய மாத்திரத்தில் காரியம் கைகூடிவிடவில்லை. ஹார்ட்போர்டில் சாமுவேல் கோல்ட் நிறுவிய பெருந்தொழிற்சாலையில் இயந்திரங்கள் பல இயங்கியும், கடைசி இணைப்பு அரத்தின் தயவையே நாடியிருந்தமையால், ஒரு துப்பாக்கிக்கு உரிய உறுப்புகள் மாறிப்போகாதிருக்க அவற்றின்மீது வரிசை எண் பொறிக்க நேர்ந்தது. ஒவ்வொரு உறுப்பையும் நிலையான அளவைக் கருவியால் சோதித்து, இம்மியளவு பிசகினும் தள்ளிவிடும் கண்டிப்பு வேரூன்றிய பின்னரே குறை நீங்கியது. அம்முறையை ஆயுதசாலைகளில் பயின்ற கம்மியர், அதனைத் தையல் இயந்திரத் தொழிலுக்கும் கொண்டு சென்றனர்.

அந்த வித்தை மீண்டும் ஆயுதத்தை வந்தடைந்தது. ஜான் பிரௌனிங் வகுத்து, 1911இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட கைத்துப்பாக்கியை, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தட்டச்சுப் பொறி செய்த ரெமிங்டன் ராண்டும் ரயில்வே சமிக்ஞைக் கருவிகள் செய்த வேறொரு நிறுவனமும் பெருந்தொகையில் உற்பத்தி செய்தன. நம் தையற்காரர் யாவரும் அறிந்த சிங்கர் நிறுவனமும் 500 செய்து தந்தது. ஒன்று செய்த உறுப்பு மற்றொன்றின் துப்பாக்கியில் அமர வேண்டும் என்பதே அவையனைத்துக்கும் இடப்பட்ட விதி.

ஆகவே, மாற்று உறுப்பைக் கையிருப்பாக வைத்திருப்பவன் நம்பியிருப்பது இரும்பின் வலிமையை மட்டுமன்று. தவறிய அளவைத் தயங்காமல் ஒதுக்கித் தள்ளிய, பெயர் அறியப்படாத எண்ணற்ற சோதனையாளர்களின் தொழில் நேர்மையையே அவன் நம்பியிருக்கிறான். வீரர்களின் புகழுக்கு நிகரான புகழ் அவர்களுக்கும் உரியது.