ரபேலின் சித்திரமும் புருசெல்ஸ் தறியும்

நமது பங்கு ஜுபிலி கொண்டாடும் இவ்வேளையில், தறி ஓசையில் வளர்ந்த ஓரிக்கை மக்களாகிய நாம் அறிய வேண்டிய மற்றோர் ஆண்டு நிறைவைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத விழைகிறோம்.

இத்தாலிய ஓவியர் ரபேல் 1520ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், பெரிய வெள்ளியன்று, தமது 37ஆம் வயதில் காலமானார். அதன் ஐந்நூறாம் ஆண்டை முன்னிட்டு, 2020 பிப்ரவரி 17 முதல் 23 வரை உரோமையில் சிஸ்டைன் சிற்றாலயத்தின் சுவர்களை அலங்கரித்தவை எவை தெரியுமா? தறியில் நெய்த திரைச்சீலைகள்!

பாப்பரசர் பத்தாம் சிங்கராயர், அப்போஸ்தலர்களான புனித இராயப்பர், சின்னப்பர் ஆகியோரின் வரலாற்றைக் காட்டும் பத்துச் சீலைகளுக்கு மாதிரி வரைய ரபேலைப் பணித்தார். 1515, 1516ஆம் ஆண்டுகளில் அவர் வரைந்து கொடுத்தார். நெய்யும் பொறுப்பு புருசெல்ஸ் நகரத்துப் பீட்டர் வான் ஆல்ஸ்ட் என்பவரின் தறிக்கூடத்தைச் சேர்ந்தது. கம்பளி நூல், பட்டு நூல், பொன் முலாமிட்ட ஜரிகை ஆகிய மூன்றும் கலந்த வேலை அது.

அவர்கள் நெய்த விதம் நமக்கு எளிதில் விளங்கும். மாதிரியை நீளத் துண்டுகளாக வெட்டிப் பாவுக்கு அடியில் வைப்பார்கள். நெசவாளர் பாவிழைகளின் இடையே அதைப் பார்த்து நெய்வார். ஊடை ஒரு கரையிலிருந்து மறுகரை வரை ஓடாது. அந்தந்த நிறத்தின் எல்லை வந்ததும் திரும்பிவிடும். நமது கோர்வைப் புடவையில் கரையின் ஊடையும் உடலின் ஊடையும் ஒன்றையொன்று பற்றித் திரும்புவதை நினைத்துக்கொண்டால் போதும். சீலையின் பின்புறமே நெசவாளரின் கண்முன் இருக்கும். ஆகவே முன்புறத்தில் படம் இடவலம் மாறி அமையும். ரபேல் இதை அறிந்து, மாதிரிகளை முன்கூட்டியே இடவலம் மாற்றி வரைந்தார். தறிக்கு ஓவியர் பணிந்த இடம் இதுவே என்போம்!

ரபேலுக்குக் கிடைத்த ஊதியம் சுமார் 1,000 பொற்காசுகள். நெசவுக்கோ 15,000க்கு மேல் செலவாயிற்று. ஆயினும் உலகம் இவற்றை ரபேலின் சீலைகள் என்றே அழைக்கிறது. கடைப் பெயர் விளங்குவதும் நெய்த கை மறைவதும் நமக்குப் புதிதல்லவே.

1519 டிசம்பர் 26, புனித முடியப்பர் திருநாளில், முதல் ஏழு சீலைகள் சிற்றாலயத்தில் தொங்கவிடப்பட்டன. ரபேல் அதன்பின் நான்கு மாதங்கூட வாழவில்லை. 1527இல் உரோமையைச் சூறையாடிய படைவீரர்கள் சீலைகளைக் கொள்ளையிட்டனர். ஒன்று வெட்டுண்டு பாதியை இழந்தது. திரும்பி வந்தவை 1798இல் பிரெஞ்சுப் படையெடுப்பின்போது மீண்டும் பறிபோய், 1808இல் வத்திக்கானை வந்தடைந்தன. மாதிரிகளில் ஏழை 1623இல் இங்கிலாந்து இளவரசர் சார்லஸ் வாங்கினார். அவை இன்று இலண்டனில் உள்ளன. சீலைகளை வத்திக்கான் ஓவியக் கூடத்தில் மங்கிய வெளிச்சத்தில் காத்து வருகிறார்கள். பட்டின் சாயம் வெளிச்சத்தில் வெளிறும் என்பதை நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.