செஞ்சிக் கோட்டை கூறும் வரலாறு

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், பாறைகளை அள்ளிக் குவித்தாற்போன்ற மூன்று குன்றுகள் தொலைவிலேயே தென்படும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி எனப் பெயர் பெற்ற இக்குன்றுகளை மதில்களால் இணைத்து எழுப்பப்பட்டதே செஞ்சிக் கோட்டை. ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள ராஜகிரியின் உச்சியை அடையும் முன் ஆழமான ஒரு பாறைப் பிளவு குறுக்கிடுகிறது. அதன் மீதுள்ள பாலத்தை அகற்றிவிட்டால், பகைவர் எத்தனை பேர் வரினும் மேலே செல்ல இயலாது.

கைமாறிய கோட்டை

கோனார் மரபினர் தொடங்கியதாகக் கூறப்படும் இக்கோட்டை, விஜயநகரப் பேரரசின் கீழ் நாயக்கர்களின் தலைநகராக வளர்ந்தது. 1649இல் பீஜப்பூர் சுல்தானின் வசமாயிற்று. 1677இல் சிவாஜி இதனைக் கைப்பற்றினார். அவருடைய மகன் ராஜாராம் இங்கு அடைக்கலம் புகுந்தபோது, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690இல் முற்றுகையிட்டார். எட்டாம் ஆண்டில், 1698இல்தான் கோட்டை வீழ்ந்தது. ராஜாராம் அதற்கு முன்பே தப்பிவிட்டார்.

இம்முற்றுகையை இரு சமயங்களின் போர் எனக் கருதுவோர் உண்டு. ஆனால் முகலாயர் அணியில் நின்று போரிட்ட தலைவர்களுள் ஒருவர் புந்தேலா ராஜபுத்திரரான தல்பத் ராவ். அவரிடம் பணியாற்றிய பீம்சேன் என்னும் இந்து அதிகாரி பாரசீக மொழியில் எழுதிய நூல், அக்கால நிகழ்ச்சிகளை அறிய உதவும் முக்கியச் சான்றாகும். வெற்றிக்குப் பின்னர் கோட்டையின் கில்லேதாராக அமர்த்தப்பட்டவரும் சொரூப் சிங் என்னும் புந்தேலா ராஜபுத்திரரே.

ராஜா தேசிங்கும் மோவுத்துகானும்

1714இல் சொரூப் சிங் மறைந்தார். அவருடைய மகன் தேஜ் சிங், தமிழ் மக்கள் அன்புடன் அழைக்கும் ராஜா தேசிங்கு, பொறுப்பேற்றார். நிலுவைக் கப்பத்தைச் செலுத்துமாறு ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கான் கேட்டார். தேசிங்கு மறுத்தார். பிணக்கின் வேர் கப்பமும் அதிகாரமுமே அன்றி, சமயம் அன்று.

இதற்குத் தேசிங்கின் உயிர்த்தோழரே சான்று. அவர் மகபத் கான், நாட்டுப்பாடல்களில் மோவுத்துகான். திருமண வேளையில் போர்ச் செய்தி கிட்டியதும் மணக்கோலத்துடனேயே நண்பனிடம் விரைந்தார் என்று கதைப்பாடல் கூறும். கதைப்பாடலில் கற்பனை கலந்திருக்கலாம். ஆயினும் ஒரு முஸ்லிம் வீரர், முஸ்லிம் நவாபின் படையை எதிர்த்து, தம் இந்து நண்பருக்காக உயிர் நீத்தார் என்பதைத் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிப் போற்றி வந்துள்ளனர். அதே ஆண்டு அக்டோபரில் நடந்த போரில் தேசிங்கும் வீழ்ந்தார். அப்போது அவருக்கு வயது 22 என்பர். அவருடைய மனைவி உடன்கட்டை ஏறினார் என்றும், அவர் நினைவாக நவாபு அமைத்த ஊரே ராணிப்பேட்டை என்றும் வழங்கி வருகிறது.

கோட்டையில் காண வேண்டியவை

கீழ்க்கோட்டையில், நவாபு 1717-18இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் உள்ளது. அதே வளாகத்தில் வேங்கடரமணர் ஆலயமும், பல அடுக்குகளைக் கொண்ட கல்யாண மகாலும், நெற்களஞ்சியங்களும், யானைக் குளமும் உள்ளன. கிருஷ்ணகிரியின் மேலுள்ள கொலு மண்டபத்தின் குவிமாடமும் வளைவுகளும் இஸ்லாமியக் கட்டடக் கலையின் சாயலைக் காட்டுகின்றன. மலையேற விரும்புவோர் வெயில் ஏறுமுன் புறப்படுவதும், போதிய குடிநீர் எடுத்துச் செல்வதும் நலம்.

1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் கோட்டையைப் பிடித்தனர். மராட்டியப் படைக் கோட்டைகள் என்னும் தொகுப்பில் உள்ள பன்னிரண்டனுள் ஒன்றாக, 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னப் பட்டியலில் செஞ்சி இடம்பெற்றுள்ளது.

வரலாற்றை அரைகுறையாக அறிந்தோர் அதைக்கொண்டு மனிதர்களைப் பிரிக்க முற்படும் காலம் இது. நம் பிள்ளைகளைச் செஞ்சிக்கு அழைத்துச் செல்வோம். பள்ளிவாசலைக் காட்டுவதோடு நில்லாமல், அதை எழுப்பிய நவாபின் வெற்றியையும், அவரை எதிர்த்து மடிந்த மோவுத்துகானின் நட்பையும் சேர்த்தே சொல்வோம். இரண்டும் நம் வரலாறே.