விதானையார் முதல் பட்டதாரி வரை

மட்டக்களப்புக்கு வடக்கே ஏறாவூர்ப்பற்றிலே, வயல்வெளிகளுக்கு நடுவே அமைந்த பழம்பதி சித்தாண்டி. நூறாண்டுகளுக்கு முன் அவ்வூரில் ஒருவரது எருமை களவு போயிருந்தால், அவர் முதலில் நாடியிருப்பது பொலிஸ் நிலையத்தையன்று. விதானையார் வீட்டு வாசலையே.

இலங்கையின் பொலிஸ் கட்டளைச் சட்டம் 1865ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. மறு ஆண்டு செப்டெம்பர் 3ஆம் நாள், இந்தியாவிற் பணியாற்றிய ஜோர்ஜ் காம்பெல் அப்படையின் தலைமையை ஏற்றார். ஆயினும் காவற் படை பெரும்பாலும் பட்டினங்களிலேயே நின்றது. கிராமத்தின் அமைதி விதானையார் கையில் இருந்தது. அவருக்கு மேல் உடையாரும், பற்று முழுமைக்கும் வன்னியனாரும் இருந்தனர்.

விதானையாருக்குப் பட்டமில்லை, மாதச் சம்பளமும் இல்லை. குடும்பச் செல்வாக்கே அவருடைய தகுதி. எந்த மாட்டில் யாருடைய குறி சுடப்பட்டிருக்கிறது, எந்த வரம்பில் யாருக்கும் யாருக்கும் பகை என்பதெல்லாம் அவர் அறிவார். அது அவர் பலம். அவரும் ஒரு குடியைச் சேர்ந்தவர். ஒருவருக்கு உறவினர், மற்றவருக்கு எதிரி. அது அவர் பலவீனம்.

இதே காலத்தில் குற்றத்தை ஆராய்வது ஒரு கலையாக வளர்ந்து வந்தது. கைவிரல் அடையாளங்களைப் பேணும் நிலையம் 1897இல் கல்கத்தாவில் தோன்றியது. ஒஸ்திரிய அறிஞர் ஹான்ஸ் குரொஸ் எழுதிய புலனாய்வு நூலின் ஆங்கில வடிவம் 1906இல் சென்னையிலேயே அச்சாயிற்று. சாட்சியின் வாய்ச்சொல்லோடு தடயத்தின் சாட்சியமும் சேர்ந்தது. அதனைப் படித்தறிவதற்குப் பயிற்சி வேண்டியதாயிற்று.

1963இல் தலைமைக்காரர் முறை ஒழிந்து கிராம சேவகர் வந்தனர். களவு, அடிதடி முறைப்பாடுகள் பொலிஸ் நிலையத்துக்கே உரியனவாயின. அங்கே எழுந்தது மொழித் தடை. 1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாக்கப்பட்டது. தமிழும் அந்நிலையை அடைந்தது 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால்தான். தான் வாசிக்க இயலாத வாக்குமூலத்தில் கையொப்பமிடும் ஏழைக்கு, நீதி எப்படித் தன்னுடையதாகும்? சட்டம் உரிமையைத் தரலாம். அதைத் தமிழில் கேட்டுத் தமிழில் எழுத ஓர் அலுவலர் வேண்டாமா?

குற்றவியல் கற்ற பட்டதாரியின் எதிர்காலத்தை இங்கிருந்தே நோக்குதல் தகும். உதவிப் பொலிஸ் அத்தியட்சர் பதவிக்குப் பட்டம் வேண்டும். உப பொலிஸ் பரிசோதகர் பதவிக்கும் போட்டிப் பரீட்சை உண்டு. காக்கியுடை ஒன்றே வழியுமன்று. சிறைச்சாலைத் திணைக்களம் உண்டு. 1944ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட நன்னடத்தைச் சேவை உண்டு; வழிதவறிய இளைஞனைச் சிறைக்கு அனுப்பாமல் திருத்தும் பணி அது. தடயங்களைச் சோதிக்கும் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களமும் உண்டு. அதற்கு விஞ்ஞானக் கல்வி தேவை.

சித்தாண்டிக்கு அண்மையில், வந்தாறுமூலையில், 1986இல் பல்கலைக்கழக நிலை பெற்ற கிழக்குப் பல்கலைக்கழகம் நிற்கிறது. அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு உயர்கல்வி தொலைவிலுள்ள பொருளன்று. விதானையாரின் ஊரறிவும், கற்றவரின் நடுவுநிலைமையும் ஒருவரிடம் கூடுமாயின், எருமையைப் பறிகொடுத்தவர் அச்சமின்றி நிலையத்தின் படியேறுவார்.