பக்கத்துத் தெருவில் பாடம் கேட்ட பண்டிதர்

இன்னைக்கு ஒரு இன்டர்வியூ மாதிரியான சந்திப்பிலிருந்து ஆரம்பிக்கலாம்.

1880 அக்டோபர் 21, கும்பகோணம். அரசுக் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே.சாமிநாதையருக்கு அப்போ வயசு 25. ஊருக்கு மாற்றலாகி வந்திருந்த முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படிச்சிருக்கீங்கன்னு முதலியார் கேட்கிறார். இவர் அடுக்குகிறார்: அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணங்கள். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் இல்லையா, பட்டியல் ரொம்ப நீளம். முதலியார் அசரவே இல்லை. சீவக சிந்தாமணி படிச்சதுண்டா? மணிமேகலை? இல்லை.

முதலியார் கொடுத்த பிரதி கைக்கு வந்த பிறகும் சிந்தாமணி பிடிபடவில்லை. திருவாவடுதுறை சைவ மடத்தில் உருவான படிப்பு அவருடையது. சிந்தாமணியோ திருத்தக்க தேவர் என்ற சமண முனிவர் எழுதியது. தமிழ் தெரிஞ்சா மட்டும் போதலை, சமணமும் தெரியணும்.

விசாரிச்சா, அதே கும்பகோணத்துல சமணர்கள் இருக்காங்க. அவர் போன அன்னைக்கு அந்த வீட்டு வாசல்ல தோரணம். என்ன விசேஷம்னா, அன்னைக்குத்தான் சிந்தாமணி வாசிச்சு முடிச்சிருக்காங்க! கல்லூரி ஆசிரியர் தடுமாறிய புத்தகம், அதே ஊர்ல ஒரு வீட்டுல பாராயண நூல்.

அவர் கௌரவம் பார்க்கவில்லை. உட்கார்ந்து கேட்டார். அவர்கள் சொன்னதை வைத்துப் பாட்டுகள் திறந்தன. 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது.

மணிமேகலைக்கு நிலைமை வேற. அது பௌத்தக் காப்பியம். போய்க் கேட்க ஊரில் பௌத்தர்கள் இல்லை. ரங்காசாரியார் என்ற பேராசிரியர் ஆங்கிலப் புத்தகங்களைப் படித்துச் சொல்லச் சொல்லத்தான் பௌத்தம் புரிந்தது. 1898இல் அந்த நூல் வெளிவந்தது. தமிழில் பிறந்த காப்பியத்தைத் தமிழ் ஆசிரியர் ஆங்கிலம் வழியாப் புரிஞ்சுக்க வேண்டியிருந்தது. ஒரு சமூகம் நம்ம ஊரை விட்டு மறைஞ்சா, நம்ம புத்தகமே நமக்குப் புரியாமப் போகுது.

இதுல எனக்கு உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. காலேஜ்ல நாலு வருஷம் பக்கத்து ரூம் நண்பன் நோன்பு வைப்பான். ஒவ்வொரு ரம்ஜானுக்கும் பிரியாணி சாப்பிட்டிருக்கேன். நோன்பு அவனுக்கு என்னன்னு ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. தப்பா நினைப்பானோன்னு கூச்சம். அதை மரியாதைன்னு நானே சொல்லிக்கிட்டேன்.

பல நம்பிக்கைகள் சேர்ந்து வாழுற ஊர்ல படிச்சவர்னா யாருன்னு கேட்டா, என் பதில் இதுதான்: பக்கத்து வீட்டுக்காரரின் நம்பிக்கையை அவரே "ஆமா, சரியாச் சொன்னே"ன்னு தலையாட்டுற மாதிரி சொல்லத் தெரிஞ்சவர். அந்தப் பரீட்சையில நான் இன்னும் ஃபெயில்தான். நண்பனுக்கு இந்த வாரம் போன் பண்ணணும்.

நீங்க யார்கிட்ட கேட்கப் போறீங்க?