மரத்தில் இட்ட எண்

அமெரிக்காவில் 1920 ஜனவரியில் மதுவிலக்கு நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய சில பத்தாண்டுகளில், விஸ்கி ஆலைகளும் மொத்த வணிகர்களும் தம் பெயரை அமிலத்தால் அரித்தெழுதிய சிறு கண்ணாடிக் குவளைகளை விளம்பரத்துக்காக வழங்கினர். ஆலைகள் மறைந்த பின்னும் பெயர்கள் கண்ணாடியில் தங்கிவிட்டதால், அக்குவளைகளைத் தேடிச் சேர்ப்போர் இன்றும் உளர். அதே காலத்தில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குள் அடங்கியிருந்த பெரம்பலூர், அரியலூர் பகுதிகளில் இத்தகைய குவளை பிறக்க வழியே இருக்கவில்லை. குடிப்பவர் குறைவு என்பதல்ல காரணம், வரிமுறைதான் காரணம்.

கள், சாராயம் முதலியவற்றின் ஆக்கத்தையும் விற்பனையையும் அரசின் உரிமத்துக்குள் அடக்கிய கலால் சட்டமான 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டத்தின் கீழ், சாராயம் வடிப்பது ஒப்பந்த ஆலைகளின் பொறுப்பாகவும், சில்லறைக் கடை ஏலம் எடுத்தவரின் உரிமையாகவும் அமைந்தன. அண்டையிலிருந்த தென்னார்க்காட்டின் நெல்லிக்குப்பத்தில், பாரி நிறுவனம் தன் சர்க்கரை ஆலையோடு சாராய ஆலையும் நடத்திவந்தது. எவருடைய சரக்கு வேண்டும் என்று கேட்கும் நிலையில் குடிப்பவர் இல்லாதபோது, விளம்பரத்துக்கு அங்கே வேலை ஏது?

கள்ளைப் பொறுத்தவரை, அரசு கணக்கிட்டது மரத்தை. மரவரி எனப்பட்ட முறையில், கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் வரி செலுத்தி, அம்மரத்தில் எண்ணிட்டு அடையாளம் செய்ய வேண்டியிருந்தது. சீவிய பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் வடிவது இனிப்பு மாறாத பதனீர். தடவாவிட்டால் அதுவே சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். ஆக, விரலால் இழுகிய ஒரு சுண்ணாம்புப் பூச்சே இரண்டையும் பிரித்தது. இறக்கிய கள்ளைக் குடிக்கப் பயன்பட்டவையோ, மண் மொந்தையும் பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையும். முன்னது உடைந்து ஓடாகும், பின்னது குடித்த இடத்திலேயே வீசப்படும். இதே அரியலூர்ப் பகுதியில், கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டு அகழாய்வில் கிடைத்த சீனப் பீங்கான் ஓட்டுக்கு உள்ள மதிப்பு மொந்தை ஓட்டுக்கு வாய்க்கவில்லை.

1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை மாகாணம் முழுதும் பரவியது. 1971இல் தளர்ந்து, 1974இல் மீண்டு, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1987இல் கள்ளும் சாராயமும் விலக்கப்பட்டபின் எஞ்சியது புட்டியில் அடைத்த சரக்கு. அதன் சில்லறை விற்பனையும் 2003இல் அரசு நிறுவனமான டாஸ்மாக் கைக்கு வந்தது. 180 மில்லி கொண்ட 'குவார்ட்டர்' புட்டியும் அதில் பாதியான 'கட்டிங்'கும் அளவைப் பெயர்களாயின, குவளை நெகிழியானது.

காலிப் புட்டிகள் வயலிலும் காட்டிலும் உடைந்து கிடப்பதைத் தடுக்க, உயர் நீதிமன்ற ஆணையின்படி நீலகிரியில் தொடங்கிய திட்டம் 2022 நவம்பரில் பெரம்பலூருக்கும் நீட்டிக்கப்பட்டது; விற்கும்போது கூடுதலாக 10 ரூபாய் பெற்று, காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அத்தொகையை மீளத் தருவது அதன் ஏற்பாடு. இம்மாவட்டத்துக் குடிகலத்தைச் சேர்த்துவைக்க ஒருவழியாக ஒரு காரணம் கிடைத்தது, கடைக்குத் திரும்பக் கொண்டுபோகும் வரைக்கும்.