கறுப்புப் பகுதி என்னும் சொல்

போர் நிகழும் இடத்துக்குத் தமிழில் களம் என்று பெயர். நெற்கதிர் அடிக்கும் இடத்துக்கும் அதுவே பெயர். இவ்விரு பொருளும் ஒன்றாய்க் கலந்த காலம் ஒன்று செனாய் அடங்கிய தென் ஜொகூரில் இருந்தது. ஆனால் ஆட்சியாளர் வழங்கிய சொல் வேறு.

1948 ஜூனில் மலாயாவில் மூண்டதை ஆங்கில அரசாங்கம் போர் என்னாது அவசரகாலம் என்றது. போரென்றால் தோட்டச் சொத்துக்கு லண்டன் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஈடு தரா என்பதும் ஒரு காரணமென்பர். போரே இல்லையெனின் போர்க்களம் ஏது? ஆதலின் இடங்களுக்கு நிறம் பூசினர். 1953 செப்டம்பர் 3-இல் மலாக்காவின் கடலோரம் முதல் வெள்ளைப் பகுதியாயிற்று. கட்டுப்பாடு நீங்காதவை கறுப்பு எனப்பட்டன. நல்லதற்கு வெள்ளை, தீயதற்குக் கறுப்பு என வகுத்தவர் தம் தோலைப் பார்த்து வகுத்தனரோ, யாமறியோம்!

கறுப்பு என்பது துப்பாக்கி வெடித்த இடத்தை மட்டும் குறித்ததன்று. முள்வேலிக்குள் லயம், இரவில் ஊரடங்கு, வாயிலில் உடற்சோதனை, அளந்து தரும் அரிசி ஆகியவையே தோட்டத்து மக்கள் கண்ட பொருள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் படைக்கு உணவு போகாதிருக்க, தென் ஜொகூரின் சில இடங்களில் அரிசியை வீட்டுக்கே விடாது, பொதுச் சமையற்கூடத்தில் ஆக்கிச் சோறாகவே அளந்தனர். வெந்த சோறு விரைவில் கெடும். அதைக் கடத்திச் சேமிக்க இயலாது என்பது அவர்தம் கணக்கு. பால்வெட்டி வந்த தாய்க்குத் தன் அடுப்பில் உலை வைக்கும் உரிமையும் இல்லாது போயிற்று.

1958-இன் முடிவில்தான் ஜொகூர் வெள்ளையாயிற்று. 1960 ஜூலை 31-இல் அவசரகாலமும் தீர்ந்தது. இனி, கறுப்புப் பகுதியில் இருந்தோமெனப் பெரியவர் ஒருவர் கூறின், களத்தில் இருந்தார் எனப் பொருள் கொள்க.